2 ரூபாய் 43 காசுக்குக் கைதட்டியவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாலு பேர் என்னை டேக் செய்து "நீங்கதான் இதுக்குப் பதில் சொல்லணும்" என்று வேறு போட்டிருக்கிறீர்கள். சரி, சொல்கிறேன். பேசியவர் பெயர் இங்கே வேண்டாம். "ஏலம் வந்த பிறகுதான் காற்றாலைக்காரர்கள் கொட்டம் அடங்கியது. யூனிட்டை நாலு ரூபாய்க்கு விற்றவர்கள் 2 ரூபாய் 43 காசுக்கு வந்தார்கள். அப்படியானால் இத்தனை வருஷம் அடித்தது கொள்ளைதானே?" என்றார். டெல்லி மயூர் விஹாரில் அந்தச் சின்ன ஹாலே அதிர்ந்தது. கைதட்டாமல் இருந்தது நானும், பின்வரிசையில் ஒரு பெரியவரும்தான். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்த ஏலத்தில் யார் குறைந்த விலைக்கு மின்சாரம் தருவதாகச் சொல்கிறாரோ அவருக்குத்தான் ஒப்பந்தம். அப்படிக் கேட்ட விலை மின்சாரம் ஆகாது. கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காற்றாலையை நட்டு, கம்பி இழுத்து, கரண்ட் வந்த பிறகு சொல்லுங்கள், மலிவா இல்லையா என்று.

நடந்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். முன்பெல்லாம் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலையை நிர்ணயிக்கும். தமிழ்நாட்டில் 2016-ல் யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 காசு. 2017 பிப்ரவரியில் ஒன்றிய அரசின் செகி (சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன்) நிறுவனம் முதல் காற்றாலை ஏலம் நடத்தியது, 3 ரூபாய் 46 காசு வந்தது. அக்டோபரில் 2.64. டிசம்பரில் குஜராத் நடத்திய ஏலத்தில் 2.43. பத்தே மாதத்தில் ஒரு ரூபாய்க்கு மேல் இறங்கிவிட்டது. அந்தப் பத்து மாதத்தில் காற்று அதிகமாக வீசியதா, இரும்பு விலை விழுந்ததா? இரண்டும் இல்லை. யூனிட்டுக்குக் கிடைத்த 50 காசு ஊக்கத்தொகை அந்த மார்ச்சோடு முடிந்தது. காற்றாலையின் விலையில் பெரும் பகுதியை முதல் ஆண்டுகளிலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளும் தேய்மானச் சலுகை பாதியாகக் குறைந்தது. பழைய விலையில் வாங்க மாநிலங்கள் தயாராக இல்லை. ஆர்டர் இல்லாமல் தொழிற்சாலைகள் காய்ந்து கிடந்தன. கிடைத்த விலைக்குக் கேட்டார்கள். பசியில் கேட்ட விலையைத்தான் நாம் நியாய விலை என்று கொண்டாடுகிறோம்.

விளைவு என்ன? 2016-17-ல் நாடு முழுக்க 5,500 மெகாவாட் அளவுக்குப் புதிய காற்றாலைகள் வந்தன. அடுத்த ஆண்டு 2,000 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. கைதட்டுங்கள்.

விலை ஏறாமல் இறங்கிக்கொண்டே போகும் இந்தத் தலைகீழ் ஏலம் எப்படி நடக்கும் என்று அந்த ஹாலில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதலில் மூடிய உறையில் போடுவது போல, மற்றவருக்குத் தெரியாமல் விலை கொடுக்க வேண்டும். தேறியவர்கள் அப்புறம் கணினி முன்னால் உட்காருவார்கள். இறங்கினால் குறைந்தது ஒரு காசு இறங்க வேண்டும். கடைசி எட்டு நிமிடத்துக்குள் யாராவது இறங்கினால் இன்னொரு எட்டு நிமிடம் நீளும். இப்படியே இரவாகும். நான் ஏலம் கேட்கிற கம்பெனியில் டெண்டர் ஆவணம் தயாரிக்கிறவள், விலை போடுவது என் வேலை இல்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து காசு இறங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் வரும். நிதிப் பிரிவுப் பையன் எக்செல்லைத் திறந்து காற்று வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவான், டர்பைன் விலையைக் கொஞ்சம் குறைப்பான். லாபம் வந்துவிடும். எக்செல்லில் காற்று கூடும், காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் கூடாது.

"சோலாரில் ஏலம் வேலை செய்ததே, காற்றுக்கு மட்டும் என்ன?" என்று ஒரு தம்பி கமெண்ட்டில் கேட்டிருக்கிறார். தம்பி, சோலார் தகடு விலை உலகம் முழுக்க விழுந்தது. வெயில் ராஜஸ்தானில் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி அடிக்கும். காற்று கணவாய் பார்த்துத்தான் வரும். நாடு முழுக்க ஒரே ஏலம், விலை ஒன்றுதான் அளவுகோல் என்றால் எல்லாரும் காற்று நன்றாக வீசும் குஜராத்தின் கட்ச் பக்கம்தான் ஓடுவார்கள். ஓடினார்கள். அங்கே நிலம் கொடுப்பதில் மாநில அரசு முரண்டு பிடித்தது, மின்பாதையும் தயாராக இல்லை. திட்டங்கள் மாதக்கணக்கில் தொங்கின, சில கைவிடப்பட்டன. அந்தத் தொங்கலை எந்த விலையில் சேர்ப்பது?

இன்னொரு கூத்தும் உண்டு. 2019-ல் ஆந்திர அரசு, ஏற்கெனவே 4 ரூபாய் 84 காசுக்குக் கையெழுத்தான காற்றாலை ஒப்பந்தங்களை 2.43-க்குக் குறைக்கச் சொன்னது. எங்கோ யாரோ ஏலத்தில் கேட்ட விலை, முன்பே ஓடிக்கொண்டிருந்த காற்றாலையின் கழுத்தில் கத்தியானது. ஒப்பந்த விலையையே கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2022-ல்தான் சொன்னது. அதுவரை கடனுக்கு வட்டி கட்டியது யார்? தமிழ்நாட்டில் பில் பணம் ஒரு வருஷத்துக்கு மேல் வராமல் கிடந்த காலமும் உண்டு. கொள்ளைக்காரர்கள் பாருங்கள், கொள்ளையடித்த பணம் வர வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

"முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறாய்." இது வரும் என்று தெரியும். என் தாய்மாமா பணகுடிக்காரர். எங்கள் பக்கம் காற்றாலையைக் காத்தாடி என்போம். அந்தக் காத்தாடியில் ஏறி பராமரிப்பு பார்த்தவர் அவர். ஆனி ஆடிக் காற்றில் கோபுரம் ஆடும்போதும் ஏறியிருக்கிறார், ராத்திரியில் போன் வந்தாலும் கிளம்பிவிடுவார். ஆர்டர் வற்றியதும் கம்பெனி முதலில் பேட்டாவை நிறுத்தியது. அப்புறம் சம்பளம் இழுத்தடித்தது. அப்புறம் "வர வேண்டாம்" என்றது. இப்போது வள்ளியூர்ப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க்கில் இரவுக் காவல். ஊருக்குப் போனால் "டெல்லியில உங்க ஆபீஸ்ல இன்னும் ஏலம் விடுதாங்களா, மக்கா?" என்று கேட்பார். நக்கலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கொட்டம் அடங்கியவர்கள் பட்டியலில் அவரும் உண்டா, ஐயா?

தேய்மானச் சலுகைக்காகவே மில்காரர்கள் காற்றாலை வாங்கியதும், அதில் சில உருப்படியாகச் சுற்றாததும் உண்மைதான். மறுக்கவில்லை. அதற்காக எல்லாரையும் திருடன் என்பதா? அதுவும் யார் சொல்வது? 2024 ஜூனில் டெல்லியின் உச்சத் தேவை 8,600 மெகாவாட்டைத் தாண்டியது. நாம் எல்லாரும் ஏசியைப் போட்டுக்கொண்டு அதில் பங்கு வாங்கியவர்கள்தான். கரண்ட் எங்கே இருந்து வருகிறது என்று ஒரு நாள் யோசித்ததில்லை, விலையில் மட்டும் கருத்து.

"அப்போ ஏலமே வேண்டாமா?" வேண்டும். மூடிய உறையோடு நிறுத்துங்கள். காற்று எங்கே இருக்கிறதோ அந்தந்த மாநிலத்துக்குத் தனியாக வையுங்கள். நடாமல் ஏமாற்றுகிறவருக்கு வலிக்கிற மாதிரி அபராதம் போடுங்கள். காற்றாலைக்குத் தலைகீழ் ஏலத்தைக் கைவிடுகிறோம் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய அரசே சொன்னது. அந்தப் பேச்சு எத்தனை நாள் தாங்கியது என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். ஆனால் அவர்களுக்கே உறுத்தியிருக்கிறது, நம் ஹாலுக்குத்தான் உறுத்தவில்லை.

கடைசியாக ஒன்று. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் ஆபீசுக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் சிரமப்பட வேண்டாம். என் மேனேஜர் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாது, யாராவது மொழிபெயர்த்துக் கொடுங்கள். காற்று வேகத்தை மட்டும் கூட்டிவிடாதீர்கள்.