விமான எஞ்சின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸ், பிஎம்டபிள்யூவின் சொத்து அல்ல

‘விமான எஞ்சின் தயாரிக்கும் ரோல்ஸ் ராய்ஸை ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ எப்போதோ வாங்கிவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. ரோல்ஸ் ராய்ஸ் பெயரில் பிஎம்டபிள்யூவிடம் இருப்பது கார் தொழில் மட்டுமே.

குழப்பத்தின் வேர், ஒரே ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் காரும் விமான எஞ்சினும் செய்த காலத்தில், அது உருவாக்கிய ஆர்பி211 என்ற விமான எஞ்சினில் இருக்கிறது. எடை குறைய வேண்டுமென்று அதன் விசிறி இதழ்களைக் கார்பன் இழையில் செய்தார்கள். பறவை மோதினால் தாங்குமா என்று பார்க்க, செத்த கோழியை அதிவேகத்தில் எறிந்து சோதித்தபோது இதழ்கள் சிதறிப்போயின. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு கைமீறி, 1971 பிப்ரவரி 4 அன்று நிறுவனம் நொடித்தது. பிரிட்டன் பெருமையோடு சொன்ன பெயர் அது. தனியார் தொழிலை ஆதரித்த கன்சர்வேட்டிவ் அரசே எஞ்சின் பிரிவை நாட்டுடைமை ஆக்கியது. கார் பிரிவு 1973-இல் தனியாகப் பிரிந்து, 1980-இல் விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது.

1998-இல் விக்கர்ஸிடமிருந்து அந்தக் கார் நிறுவனத்தை 43 கோடி பவுண்டுக்கு ஃபோக்ஸ்வாகன் வாங்கியது. இங்கிலாந்தின் குரூ நகரிலிருந்த கார் ஆலை, பென்ட்லி என்ற கார் பிராண்டு எல்லாம் கிடைத்தன. ‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்ற பெயர் மட்டும் கிடைக்கவில்லை! பெயர் எஞ்சின் நிறுவனத்துக்குச் சொந்தம். அது கார்களுக்கான பெயர் உரிமையை 4 கோடி பவுண்டுக்கு பிஎம்டபிள்யூவுக்குத் தந்தது. 2003 முதல் இங்கிலாந்தின் குட்வுட்டில் அந்தக் கார்கள் தயாராகின்றன.

ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் நிறுவனமும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து 1990-இல் ஓர் எஞ்சின் கூட்டு நிறுவனம் தொடங்கியது உண்மை. 2000-இல் அதை முழுதாக எடுத்துக்கொண்டது ரோல்ஸ் ராய்ஸ்தான், பிஎம்டபிள்யூ அல்ல.

எஞ்சின் நிறுவனம் 1987-இல் தனியார்மயமானது. 2011 முதல் ரோல்ஸ் ராய்ஸ் ஹோல்டிங்ஸ் அதன் தாய் நிறுவனம். பங்குகள் லண்டன் சந்தையில் கைமாறுகின்றன. பிரிட்டிஷ் அரசிடம் ஒரே ஒரு சிறப்புப் பங்கு இருக்கிறது. அதன் சம்மதமின்றி நிறுவனத்தின் சில முக்கிய விதிகளை மாற்ற முடியாது.