டிடிடியை நீக்காமல் சாயம் போடாதீர்கள்

புரத மடிப்பைப் பார்க்க “சிஸ்டீனில் மாலிமைடு சாயத்தை ஒட்டினால் போதும்” என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. சிஸ்டீன் கந்தகம் உள்ள அமினோ அமிலம்; மாலிமைடு சாயம் அந்தக் கந்தகத்தில் ஒட்டும் ஒளிரும் சாயம். சிறிய புரதத்துக்குச் சரி. 400 அமினோ அமிலங்களைத் தாண்டினால் பெரும்பாலும் சிஸ்டீன்கள் பல இருக்கும், சில உள்ளே புதைந்தும் கிடக்கும். வேண்டாதவற்றைச் செரீனாக (கந்தகம் இல்லாத, அதைப் போன்ற அமினோ அமிலமாக) மாற்றி, மடிப்பு கெடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் சாயத்தைத் தொட வேண்டும்.

வழக்கமான சொதப்பல் டிடிடி (DTT, சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணையாமல் இருக்கப் புரதக் கரைசலில் சேர்ப்பது). அதன் தயோல் (சிஸ்டீனிலும் உள்ள கந்தகக் குழு) சாயத்தை முதலில் தின்றுவிடும். உப்புநீக்கப் பத்தியில் (சிறு மூலக்கூறுகளைப் புரதத்திலிருந்து பிரிக்கும் குழாயில்) அதை நீக்கியதும், தாமதிக்காமல் பிஎச் 7.0–7.5-இல் சாயம் சேருங்கள். 8-ஐத் தாண்டினால் லைசின் என்ற வேறொரு அமினோ அமிலத்திலும் ஒட்டும்.

சாயம் ஒட்டியதைச் சோதிக்க, புரதத்தை ஓட்டிய ஜெல்லை கூமாசியில் (புரதத்தை நீலமாகக் காட்டும் சாயத்தில்) போடும் முன் புறஊதா ஒளியில் பாருங்கள். அடிமுனையில் ஒளிரும் கறை, கழுவப்படாத சாயம். சாயம் அலெக்ஸா 488 என்றால், புரத அளவைக் காட்டும் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் அளவீட்டிலிருந்து சாயத்தின் உச்ச உறிஞ்சல் மதிப்பின் 0.11 பங்கைக் கழிக்கவும். இல்லாவிட்டால் புரதம் அதிகமாகத் தெரியும்.