வராத நாற்காலியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம்!

23 நாளாக ஒரு நாற்காலிக்காக அல்லாடிக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை, முதுகு போய்விட்டது. முதுகைத் தாங்குகிற மாதிரி ஒன்று இருந்தால் நல்லது என்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். பணம் அந்த நொடியே கார்டிலிருந்து போய்விட்டது. பணம் போகும்போது மட்டும் 'தவிர்க்க முடியாத காரணங்கள்' எதுவும் குறுக்கே வராது, கவனித்திருக்கிறீர்களா?

ஆறாம் நாள் காலை 'டெலிவரிக்குப் புறப்பட்டது' என்று செய்தி. அன்று குளிக்கக்கூட அவசர அவசரமாகத்தான் போனேன். மாலை இன்னொரு செய்தி: 'டெலிவரி செய்ய வந்தோம், வாடிக்கையாளர் இல்லை.' நான் வாசலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தேன் ஐயா! மணி அடிக்கவில்லை, போன் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் இதே கதை. மூன்று நாளும் என் வீட்டில் நான் இல்லை என்று எனக்கே தகவல் வருகிறது.

இது எப்படி நடக்கிறது என்றும் ஓரளவு தெரியும். பார்சல் திரும்பிப் போனால் அதைக் கொண்டு வந்தவர் தன் ஆப்பில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 'நேரம் போதவில்லை' என்று சொன்னால் குற்றம் அவர் தலையில். 'ஆள் இல்லை' என்றால் என் தலையில். பல இடங்களில் பார்சல் கணக்கில்தான் அவருக்குக் கூலி. ஒரு நாற்காலியை மாடிக்குச் சுமக்கிற நேரத்தில் பத்து சின்னக் கவர்களைக் கொடுத்துவிடலாம். அதனால் அவர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மீதியை மேலே இருப்பவர்களுக்காகச் சேர்த்து வைத்திருந்தேன், நல்லவேளை.

ஒன்பதாம் நாள் 'வெற்றிகரமாக டெலிவரி செய்யப்பட்டது' என்று வந்தது. ஆதாரமாக ஒரு போட்டோ. நீலக் கதவு, பக்கத்தில் ஒரு பூந்தொட்டி, குழந்தையின் செருப்பு ஒரு ஜோடி. என் வீட்டுக் கதவு பழுப்பு நிறம். பூந்தொட்டி கிடையாது. குழந்தையும் கிடையாது. பெட்டி நன்றாகத்தான் இருந்தது, யார் வீட்டிலோ.

சரி, கஸ்டமர் கேர். முதலில் பேசுவது மனிதர் இல்லை. 'உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது' என்று ஆரம்பிக்கிறது. உனக்கு எப்படிப் புரியும்? 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்று ஒரு நிரலை எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிப் போட்டு, மனநல மருத்துவர் கேட்பதுபோல நம்மிடமே கேள்வி கேட்கும். இத்தனை வருடம் கழித்து இது அதைவிட ஒரே ஒரு விஷயத்தில்தான் முன்னேறியிருக்கிறது: கடைசியில் நான்கு பொத்தான் காட்டுகிறது. 'ஆர்டர் எங்கே', 'ஆர்டரை ரத்து செய்ய', 'பொருளைத் திருப்பித் தர', 'வேறு'. டெலிவரி ஆகிவிட்டதாகப் பதிவான பொருளுக்கு முதல் இரண்டும் வேலை செய்யாது. 'வேறு' என்பதை அழுத்தினால் மறுபடியும் அதே நான்கு பொத்தான். மிச்சம் இருப்பது திருப்பித் தருவதுதான். கைக்கே வராததை எதைத் திருப்பித் தர? வேறு வழியில்லாமல் அதற்குள் நுழைந்தேன். பொருளின் மூன்று படங்களைப் பதிவேற்றினால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம். வராத நாற்காலியை நான் எந்தக் கோணத்திலிருந்து படம் எடுப்பது? வெறும் தரையைத்தான் எடுத்து அனுப்பினேன். 'படம் தெளிவாக இல்லை' என்று நிராகரித்துவிட்டது.

அரை மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு மனிதர் கிடைத்தார். நீலக் கதவு விஷயத்தை ஆதியிலிருந்து சொன்னேன். "சார், சிஸ்டத்தில் டெலிவர்டு என்று காட்டுகிறது" என்றார். அது எனக்கும் காட்டுகிறது. "ஜிபிஎஸ்ஸும் உங்கள் முகவரியோடு ஒத்துப்போகிறது சார்." கட்டடங்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். எந்த மாடி, எந்தக் கதவு என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. சொன்னேன். அந்தப் பக்கம் மௌனம். அப்புறம், "48 மணி நேரம் கொடுங்கள் சார்."

இந்த 48 மணி நேரம்தான் என்னைக் கொல்கிறது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அது புதிதாகத் தொடங்குகிறது. ஐந்து முறை கொடுத்துவிட்டேன், பத்து நாள் கணக்கு. ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொரு முறையும் நீலக் கதவில் தொடங்கிப் பூந்தொட்டி வழியாகச் செருப்பு வரை ஒப்பிக்க வேண்டும். பேசுகிறவரையும் முழுக்கத் திட்ட மனம் வரவில்லை. ஒரு அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்றுதான் அவரை அளக்கிறார்கள்; பணத்தைத் திருப்பித் தரும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அவர் முன்னால் இருக்கிற திரையிலும் என் திரையில் இருக்கிற அதே 'டெலிவர்டு'தான். திரையை நம்புகிறார்கள், ஆளை நம்புவதில்லை. கொடுத்ததை நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். வரவில்லை என்று நிரூபிக்கச் சொல்வதோ என்னிடம்!

இருபதாம் நாள் மின்னஞ்சல் வந்தது: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' எப்படித் தீர்ந்தது என்று ஒரு வரி இல்லை. கீழே ஐந்து நட்சத்திரம், எங்கள் சேவை எப்படி என்று கேள்வி. ஒரு நட்சத்திரம் போட்டால் காரணம் எழுத ஒரு பெட்டி திறக்கிறது, அதில் 100 எழுத்துக்கு மேல் இடமில்லை. என் கோபத்துக்கு 'அன்புடையீர்' போடவே போதாது.

அன்றைக்குத்தான் கார்டு கொடுத்த வங்கிக்குப் போனேன். முதல் வாரமே போயிருக்க வேண்டும், என் தப்பு. சார்ஜ்பேக் என்று ஒன்று இருக்கிறது: கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாக விற்றவரிடமிருந்து திரும்பக் கேட்பது. அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டம், வந்து சேராத பொருளுக்கான கட்டணத்தைக் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் மறுக்கலாம் என்றது; இப்போது விசா மாதிரியான கார்டு நிறுவனங்களின் விதிகளிலேயே 'பொருள் வரவில்லை' என்று தனி வகை உண்டு. பொதுவாக, பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து 120 நாள் வரை கேட்கலாம். அங்கே வராத பொருளின் படம் கேட்க மாட்டார்கள். கொடுத்ததற்கு ஆதாரம் காட்டு என்று விற்றவரைக் கேட்பார்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் ஒவ்வொரு தகராறுக்கும் விற்றவருக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் விழும். எண்ணிக்கை கூடினால் கார்டு நிறுவனம் அவர்களைக் கண்காணிப்புப் பட்டியலில் வைக்கும். ஆர்டர் விவரம், உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட், அந்த நீலக் கதவு, எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன்.

இன்று காலை போன். 23 நாளில் முதல் முறையாக அவர்களே கூப்பிடுகிறார்கள்! பாட்டு இல்லை, பொத்தான் இல்லை, நேராக மனிதர். அதுவும் மேலாளராம். ஆர்டர் எண்ணை அவரே சொன்னார், நான் ஒப்பிக்கவே தேவைப்படவில்லை. "சார், உடனே பணத்தைத் திருப்பிவிடுகிறோம், வங்கியில் கொடுத்த புகாரை மட்டும் வாபஸ் வாங்கிவிடுங்கள்" என்றார். குரலில் அப்படி ஒரு பணிவு.

48 மணி நேரம் கொடுங்கள், பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.