தேசிங்கு ராஜன் கதை: ஔரங்கசீப்புடன் போர் நடக்கவில்லை

'தேசிங்கு ராஜன் செஞ்சிக் கோட்டையைக் கட்டி, ஔரங்கசீப்பை எதிர்த்து மடிந்தவன், கதைப்பாடலே சாட்சி' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டுகளே இடிக்கின்றன. ஔரங்கசீப் இறந்தது 1707இல். தேசிங்கு மடிந்தது 1714 அக்டோபரில், ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானுடன் நடந்த போரில். கோட்டையோ பல நூற்றாண்டு பழசு. சிவாஜி அதைப் பிடித்ததே 1677இல்!

தேசிங்கின் தந்தை சொரூப்சிங் புந்தேலா ராஜபுத்திரர். அவரைச் செஞ்சிக்கு அமர்த்தியதே ஔரங்கசீப்தான். சொரூப்சிங் வைத்துவிட்டுப் போன கப்பப் பாக்கிதான் நவாபுடனான சண்டைக்கு மூலம். மகன் பட்டத்தில் இருந்தது ஏறக்குறைய 10 மாதம்.

டில்லியில் முரட்டுக் குதிரையை அடக்கியது, மணமேடையிலிருந்து நண்பன் மாவுத்துகான் ஓடிவந்தது எல்லாம் கதைப்பாடல் தருபவை. பாட்டாகக் கேட்க அருமை. அதிலிருந்து வரலாற்றுத் தேதி எடுக்க முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: தேசிங்குக்காக உயிர்விடும் அந்த நண்பன் முஸ்லிம். இதை மதச்சண்டையாகக் காட்டப் பாட்டே இடம் தரவில்லை.