ஓம், மொக்குக் கேள்விதான் கேட்டேன். இப்ப என்ன?

நேற்றுப் பின்னேரம் காலி வீதியில், நூறாம் இலக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தபோது மனதுக்குள் எழுதத் தொடங்கியது இது. வெள்ளவத்தையில் இறங்கும்போது பாதி முடிந்திருந்தது. மிச்சத்தையும் கொட்டிவிடுகிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கும் நித்திரை வராது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் தொழில்நுட்பப் பக்கம் பார்க்கிறவள். பக்கம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. வாரத்துக்கு அரைப் பக்கம். மரண அறிவித்தல்கள் கூடினால் கால் பக்கம். ஆனாலும் கொழும்பில் எந்தக் கொம்பனி எந்தச் செயலியை வெளியிட்டாலும் எனக்கும் அழைப்பு வரும். தமிழ்ப் பத்திரிகைக்கும் சொன்னோம் என்று கணக்குக் காட்ட வேண்டுமே. போவேன். கடல் தெரியும் ஹோட்டல், பல் கிட்டும் ஏசி, மேடையில் புகை, கழுத்தில் மாட்ட ஒரு பட்டி, துணிப் பைக்குள் ஒரு கொப்பியும் எழுதாத பேனாவும்.

நேற்று நடந்தது கைத்தொலைபேசியில் காசு அனுப்பும் செயலி ஒன்றின் அறிமுகம். நாற்பது நிமிடம் பேசினார்கள். ‘சீம்லெஸ்’, அதாவது தடங்கலே இல்லாதது, என்ற சொல் மட்டும் 17 தடவை வந்தது. கொப்பியில் கோடு போட்டு எண்ணியிருக்கிறேன். மேடைக்குப் பின்னால் மும்மொழியிலும் பதாகை. தமிழ் வரியில் ‘பெருமையுடன்’ என்ற சொல்லின் கொம்பு, பகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது, பஸ் போன பிறகு ஓடிவந்த ஆள் மாதிரி. அதைப் பார்த்ததிலேயே எனக்குப் பாதி சூடு ஏறிவிட்டது. சரி, பொறுமை என்று இருந்தேன்.

கேள்வி நேரம் வந்தது. கையைத் தூக்கினேன். மைக் வந்தது.

“சேர், இலக்கம் ஒன்று மாறி அடிபட்டு, காசு வேறு யாருக்காவது போய்விட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? எத்தனை நாளில் திரும்பி வரும்?”

முன்வரிசையில் ஒரு சிரிப்பு. பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வருகிற சிரிப்பு. அதுதான் மோசம். மேடையில் இருந்த தலைமை அதிகாரி, பாலர் வகுப்புப் பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்து, “மேடம், அனுப்புவதற்கு முன் பெறுகிறவரின் பெயர் திரையில் வரும். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை” என்றார்.

“பெயர் எந்த மொழியில் வரும்?”

இப்போது மண்டபமே சிரித்தது. ஆங்கிலத்திலாம். தமிழும் சிங்களமும் இரண்டாம் கட்டத்தில் வருமாம். நான் அடுத்த வாய் திறப்பதற்குள் மைக் கொண்டுவந்த பிள்ளை வந்து கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டது. பாவம், அதன் வேலை அது.

மைக் போன இடத்தைச் சொல்ல வேண்டும். இன்னொரு பத்திரிகையின் மூத்தவர் ஒருவர் எழும்பினார். தான் எத்தனை வருடமாக இந்தத் துறையில் இருக்கிறார் என்பதில் தொடங்கி, வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்வந்த கதையைச் சொல்லி, கடைசியாக, பிராந்தியத்தின் டிஜிட்டல் உருமாற்றம் குறித்து உங்கள் தொலைநோக்கு என்ன என்று முடித்தார். இதுவா கேள்வி? மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போட்டுப் பரிமாறுகிற வேலை. மேடையில் இருந்தவர் முகம் மலர்ந்து ஆறு நிமிடம் பதில் சொன்னார். அந்த ஆறு நிமிடத்தில் நான் குறித்துக்கொண்டது ஒரு வரிகூட இல்லை. ஆனால் மண்டபம் தலையாட்டியது. இப்படிக் கேட்டால் அறிவாளி. காசு மாறிப் போனால் என்ன செய்வது என்று கேட்டால் மொக்கு.

இனித்தான் வயிறு எரிகிற கட்டம். பட்டீஸும் பிளேன்டீயும் வைத்திருந்த மேசைப் பக்கம் போனேன். அந்த மூத்தவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். தட்டில் ஒரு ரோல்ஸ். அங்குமிங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “அது சரி, அந்த டோக்கனைசேஷன் எண்டு சொன்னாங்களே, அது என்ன?”

சொன்னேன். உங்கள் வங்கி அட்டையின் உண்மையான இலக்கத்தைக் கடைக்காரனுக்குக் கொடுக்காமல், அதற்குப் பதிலாக வேறொரு இலக்கத்தைக் கொடுத்துவிடுவது. அது களவு போனாலும் கள்ளனிடம் இருப்பது உங்கள் அட்டை இலக்கம் இல்லை. அவ்வளவுதான். மனிசன் பேப்பர் நப்கினில் எழுதிக்கொண்டார்.

“இதை அங்கேயே கேட்டிருக்கலாமே அண்ணா?”

“சீ, எல்லாருக்கும் முன்னால மொக்கு மாதிரி இருக்குமே.”

கையிலிருந்த பிளேன்டீயை ஊற்றியிருப்பேன். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்ததால் தப்பினார். அவர் மட்டுமா? தொலைக்காட்சியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான தங்கச்சி ஒன்றும் வந்து, “அக்கா, நீங்க கேட்ட அதே டவுட்தான் எனக்கும், கேட்க வெட்கமா இருந்துச்சு” என்றது. அந்த மண்டபத்தில் நாற்பது ஊடகவியலாளர் இருந்திருப்போம். அதில் எத்தனை பேருக்கு அதே சந்தேகம்? எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, கேட்ட ஒருத்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகு பட்டீஸ் மேசையில் வந்து ரகசியமாகக் கேட்கிறார்கள். இதற்குப் பெயர் ஊடகவியலாளர் சந்திப்பு! பேசாமல் பட்டீஸ் சந்திப்பு என்று அழைப்பிதழில் போடுங்கள்.

இந்தக் கேள்விகளையெல்லாம் நான் என் தலையிலிருந்தா எடுக்கிறேன்? எங்கள் அலுவலகத் தொலைபேசிக்கு வாசகர்கள் எடுப்பார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து, வத்தளையிலிருந்து, ஹட்டனிலிருந்து. 2022 ஜூலையில் பெற்றோல், டீசலைப் பங்கிட்டுக் கொடுக்க, போனில் காட்டும் கியூஆர் என்ற சதுரக் குறியீட்டு முறை வந்தபோது அந்தத் தொலைபேசி சூடாறவே இல்லை. ஒருவராவது அந்தத் தரவுத்தளத்தின் கட்டமைப்பு என்ன என்று கேட்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்: “பிள்ளை, என்னட்ட ஸ்மார்ட் போன் இல்லை, பட்டன் போன்தான். எனக்குப் பெற்றோல் தரமாட்டாங்களோ?” அந்தக் கியூஆரைக் கடதாசியில் அச்செடுத்துக் கொண்டுபோனாலும் போதும். இந்த ஒரு வரி அந்த மாதம் நான் எழுதிய எல்லாக் கட்டுரையையும் விடப் பிரயோசனமானது. அப்புறம் பார்த்தால் பாதி முச்சக்கர வண்டிகளில் அதை லமினேட் செய்து தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வரி எனக்குக் கிடைத்தது ஒரு மொக்குக் கேள்வியைக் கேட்டதால்தான்.

நான் எப்போதும் கேட்டேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த கதையும் இருக்கிறது. 2015 ஜூலையில் கூகுளின் பலூன் இணையத்துக்கு இலங்கை அரசு ஒப்பந்தம் செய்தபோது நானும் குதித்தேன். நாடு முழுவதற்கும் வானத்திலிருந்து இணையம்! செய்திக் குறிப்பை அப்படியே தமிழில் எழுதி, தலைப்பில் ஆச்சரியக்குறி வேறு. பலூன் எவ்வளவு காலம் மேலே நிற்கும், கீழே வந்தால் எங்கே விழும் என்ற கேள்விகள் மனதில் வந்தன. இதைப் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று விழுங்கிவிட்டேன். 2016 பெப்ரவரியில் ஒரு பலூன் கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் கிடந்தது. அங்கே இருக்கும் சிநேகிதி போன் எடுத்தாள்: “ஏய், ஒங்க இன்டர்நெட்டு இங்க தேயிலைக்குள்ள கெடக்கு.” இலங்கை முழுவதற்கும் பலூன் இணையம் வரவே இல்லை, 2021 ஜனவரியில் அந்தத் திட்டத்தையே மூடுவதாக அறிவித்தார்கள். என்னுடைய ஆச்சரியக்குறி மட்டும் நூலகத்தில் கட்டிவைத்த பத்திரிகைக் கட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய கதை 2023 ஓகஸ்ட்டில் நடந்தது. அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்புக்குள், அதாவது கோப்புகளை இணையம் வழியாகச் சேமிக்கும் கணினிகளுக்குள், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்துவிட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5000, அமைச்சரவை அலுவலகம் உட்பட. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்துபோன கடிதங்கள் போயே போச்சு. ஏன் மீட்க முடியவில்லை? அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. நாடகம் இல்லை, மர்மம் இல்லை, பிரதி இல்லை. என் மாமி கல்யாணப் படங்களை இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றை அலுமாரியிலும் மற்றதைத் தங்கச்சி வீட்டிலும் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து மேகம் என்று யார் மேடையில் சொன்னாலும் நான் கேட்பது, “பிரதி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?” இன்றைக்கும் சிரிக்கிறார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, உலகத் தரத்திலான பாதுகாப்பு என்கிறார்கள். உலகத் தரம் என்பது திகதியா? நான் திகதிதானே கேட்டேன்?

இப்போது எல்லாவற்றிலும் செயற்கை நுண்ணறிவு வேறு. போன மாதம் ஒரு கூட்டத்தில், “இதில் செயற்கை நுண்ணறிவு எந்த வேலையைச் செய்கிறது?” என்று கேட்டேன். “நமது செயற்கை நுண்ணறிவு, தரவுகளைப் புத்திசாலித்தனமாகக் கையாண்டு நுண்ணறிவை வழங்குகிறது” என்று பதில். அமெரிக்காவில் தெரனோஸ் என்ற கொம்பனியின் எலிசபெத் ஹோம்ஸ், தன் இரத்தப் பரிசோதனை இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று 2014இல் விளக்கியது இதே மாதிரித்தான்: ஒரு வேதியியல் நடக்கும், அதனால் ஒரு வேதிவினை நடக்கும், அதிலிருந்து சமிக்ஞை வரும், அது முடிவாக மாறும். 900 கோடி டொலர் பெறுமதி என்று கொண்டாடப்பட்ட கொம்பனி. 2022இல் அந்த அம்மா மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. என்ரோன் என்ற அமெரிக்க எரிசக்திக் கொம்பனியின் கதையும் தெரிந்ததுதான். இந்தக் கொம்பனி எப்படித்தான் காசு உழைக்கிறது என்று 2001 மார்ச்சில் பெத்தனி மக்லீன் என்ற செய்தியாளர் ஒரு சஞ்சிகையில் கேட்டார். கேள்வி கேட்கிறவர்கள் எங்கள் தொழிலைச் சரியாகப் படித்துப் பார்க்காதவர்கள் என்கிற மாதிரித்தான் தலைமை அதிகாரி பதில் சொன்னார். அந்த வருடம் டிசெம்பரில் கொம்பனி வங்குரோத்து. உங்களுக்கு விளங்கவில்லை என்பது பதில் இல்லை ஐயா, அது ஏச்சு.

நம் ஊரில் அந்த ஏச்சுக்கு இன்னொரு ருசியும் சேரும். தமிழ்ப் பத்திரிகையிலிருந்து வந்தவள் கேட்டால், ஆங்கிலம் விளங்காததால் கேட்கிறாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். தமிழில் இருக்குமா என்றால் ஏதோ சீதனம் கேட்டது போல முகத்தைத் திருப்புவார்கள். தமிழ் இந்த நாட்டில் அரச கரும மொழி, 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. ஆனால் செயலிகளில் எப்போதும் இரண்டாம் கட்டம். எனக்குத் தெரிந்து ஒன்றுக்கும் மூன்றாம் கட்டம் வரவில்லை, ஏனென்றால் இரண்டாம் கட்டமே வரவில்லை.

பழைய அடையாள அட்டை இலக்கத்தை ஏற்குமா என்று கேட்பேன். ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ள அட்டை என் வயதுக்காரர் பலரிடம் இன்னும் இருக்கிறது. புதியதில் 12 இலக்கம். அதற்கும் சிரிப்பு. முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கிறீர்களே, அப்பாவின் பெயரைத் தலையெழுத்தாகப் போடுகிற நாங்கள் எந்தப் பெட்டியில் எதை எழுத வேண்டும் என்று கேட்பேன். அதற்கும் சிரிப்பு. ஒரு செயலியில் நான் குழம்பி மாற்றி எழுதிவிட்டேன். இப்போது வருடா வருடம் என் கைத்தொலைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது, எட்டு வருடத்துக்கு முன் காலமான அப்பாவின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு இனிய பிறந்தநாள் சலுகை காத்திருக்கிறது என்று. முதல் தடவை வாசித்தபோது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். இதை எந்த மேடையில் போய்ச் சொல்வது?

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். இன்று காலை, செய்திக் குறிப்பின் அடியில் இருந்த வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு எடுத்தேன். பத்திரிகை என்று சொல்லவில்லை. தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், பாட்டுப் போனது, பதினொரு நிமிடம் கழித்து ஒரு தம்பி வந்தான். நல்ல பிள்ளை, மட்டக்களப்புத் தமிழ் மணந்தது.

“தம்பி, இலக்கம் மாறிக் காசு வேறு ஆளுக்குப் போயிட்டா என்ன செய்யிறது?”

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. “அது நிறையப் பேருக்கு நடக்கிறது மிஸ். ஒரு போம் இருக்கு. கிளைக்கு வந்து நிரப்பிக் குடுக்கணும். 14 வேலை நாள் எடுக்கும். மற்ற ஆள் சம்மதிக்காட்டி ஒண்டும் செய்ய ஏலாது.”

நடக்க வாய்ப்பே இல்லாத ஒன்றுக்கு அச்சடித்த படிவம் இருக்கிறது! ஐந்து நட்சத்திர ஹோட்டலில், புகைக்கு நடுவில், தலைமை அதிகாரிக்குத் தெரியாத பதில், பதினொரு நிமிடம் பாட்டுக் கேட்டால் கிடைக்கிறது.

“அந்தப் போம் தமிழில் இருக்குதா தம்பி?” என்று கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. “இல்ல மிஸ், இங்கிலிஷ்லதான். நீங்க வந்தா நான் நிரப்பித் தாறன்” என்றான்.