அமராவதியின் கணக்கில் என்ன தவறு?

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அம்பிகாபதி நாடகம் எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. மேடை ஏறாமலேயே முடிந்துபோனது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். கோபம்தான்.

கதை எல்லோருக்கும் தெரியும். கம்பர் மகன் அம்பிகாபதி, சோழன் மகள் அமராவதி. சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் மிஞ்சும் என்பது அரசன் போட்ட நிபந்தனை. அவள் பாட்டுக்கு ஒரு பூவாக எடுத்து வைத்து எண்ணுகிறாள். தொடக்கத்தில் கடவுளை வேண்டிப் பாடும், நூறில் சேராத காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள். நூறு முடிந்ததென்று அவள் எட்டிப் பார்க்க, அவன் அவளைப் பாடிவிட, தலை போகிறது. வரலாற்றுச் சான்று கிடையாது, செவிவழிக் கதைதான். அதனாலேயே நாடகக்காரர், சினிமாக்காரர் என்று யார் வேண்டுமானாலும் உரிமையோடு கைவைக்க முடிந்தது.

சொல்லப்போனால், முதலில் கைவைத்தவர் கம்பரேதான். விருந்தில் வட்டில் சுமந்து வரும் அமராவதியைக் கண்டு ‘இட்டடி நோவ எடுத்தடி கொப்பளிக்க’ என்று மகன் வாய்திறந்துவிடுகிறான். அப்பன் பதறிப்போய், மீதியைத் தெருவில் கொட்டிக்கிழங்கு விற்கிறவள் மேல் ஏற்றிப் பாடி முடிக்கிறார். அந்தக் கிழங்குக்காரியாகச் சரஸ்வதியே வந்து நின்றதாகச் சொல்வார்கள். பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகச் செய்த மாற்றம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

1937இல் பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். ரோமியோ ஜூலியட்டின் காதல் காட்சிகளை இளங்கோவனின் வசனம் வழியாக இந்தக் கதைக்குள் கொண்டுவந்தார்கள். ஷேக்ஸ்பியர் சோழ நாட்டுக்கு வந்து இறங்கியதில் ஒட்டுப்போட்ட தடம் தெரியவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே ஒரு கடிதம் போய்ச் சேரவில்லை, இங்கே ஒரு பூ கூடிவிட்டது. இரண்டு கதையிலும் பெரியவர்கள் செய்த கொலைக்குச் சின்னத் தற்செயல் ஒன்று பழியை ஏற்கிறது.

1957இல் சிவாஜியும் பானுமதியும் நடித்து மறுபடியும் வந்தது. அந்தப் படத்தின் ‘சிந்தனை செய் மனமே’ கதையை விட்டுப் பிரிந்து வந்து, கோயில் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டாகத் தனிக்குடித்தனம் நடத்துகிறது. சிறுவயதில் மார்கழி விடியலில் கேட்டபோது அது ஒரு காதல் கதையின் பாட்டு என்று எனக்குத் தெரியாது.

பிறகு தனுஷின் இந்திப் படம் ‘ராஞ்சனா’. 2013இல் தமிழுக்கு வந்தபோது ‘அம்பிகாபதி’ என்று பெயர் வைத்தார்கள். கதைக்கும் கம்பர் மகனுக்கும் சம்பந்தமில்லை, காதலித்தவன் சாகிறான் என்ற ஒன்றைத் தவிர. 2025 ஆகஸ்டில் அதையும் மாற்றினார்கள். செயற்கை நுண்ணறிவை வைத்து முடிவைத் திருத்தி, நாயகன் பிழைத்து எழுவதாகத் திரையிட்டார்கள். இயக்குநரும் தனுஷும் எதிர்த்தார்கள். நானும் அன்றைக்கு ஒரு நீண்ட பதிவு போட்டு இயந்திரத்தைத் திட்டினேன்.

அந்தப் பதிவை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. ஒத்திகை பார்க்க வந்த விழாக் குழுவினருக்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. “பிள்ளைகள் நடிக்கிறார்கள், சாவு எதற்கு? ராஜா மன்னித்துவிட்டதாக முடித்துவிடுங்கள்” என்றார் ஒருவர். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்னொருவர் என்னைத் தனியே அழைத்துத் தோளில் கைபோட்டுச் சொன்னார்: “அவனையும் ஏதோ ஒரு நாட்டு இளவரசன் என்று வைத்துவிடுங்கள் சார். சமமாகப் போய்விடும். ஊரில் பேச்சு வராது.”

இது எந்த ஊர் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2012 நவம்பரில் சாதி கடந்த ஒரு கல்யாணத்தைச் சாக்காக வைத்து நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்துத் தலித் காலனிகளில் வீடுகள் எரிந்த தருமபுரி மாவட்டம் இது. அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இருவரும் சமம் என்றால் அரசன் எதற்காக வாளை எடுக்கிறான்? பாட்டில் இலக்கணப் பிழை இருந்ததற்காகவா?

முடிவை மாற்றுவதைவிடக் காரணத்தை மாற்றுவதுதான் எனக்குப் பெரிய மோசடியாகப் படுகிறது. முடிவை மாற்றினால் பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும், சண்டைக்கு வருவான். காரணத்தை உருவிவிட்டால், ‘பாவம், விதி’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்.

எழுதத் தொடங்கும் முன் பென்னாகரம் பக்கம் ஒரு கூத்து வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். பாரதக் கூத்தில் பழுத்தவர். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் துரியோதனன் மண்ணாய்க் கிடப்பதைக் காட்டியே சனத்தைக் கலங்க வைக்கிறவர். நான் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “இதில் கட்டியக்காரன் எங்கே?”

சினிமாவில் அரசன் தீர்ப்புச் சொன்னால் இசை அதிரும், காட்சி மாறும். குறுக்கே பேச ஆள் கிடையாது. கூத்தில் அரசன் பக்கத்திலேயே கட்டியக்காரன் நிற்கிறான். எவ்வளவு பெரிய ராஜாவையும் நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம். கோமாளி என்பதால் தலை தப்பும். வாத்தியார் சொன்னபடியே அவனைச் சேர்த்தேன். இன்னொன்றும் சொன்னார்: “பாடுகிறவனை ஓரத்தில் நிறுத்து. எண்ணுகிறவளை நடுவில் உட்கார வை.”

உட்கார வைத்தோம். ஒத்திகைக்குத் தினமும் சாமந்தி வாங்கக் கட்டுபடியாகாது என்பதால் புளியங்கொட்டை. நம் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? அமராவதியாக நடித்த எட்டாம் வகுப்புப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தாமாகவே சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். காப்பையும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். யாருக்கும் அது தவறென்று தோன்றவில்லை. தொண்ணூறைத் தாண்டியதும் குரல்கள் தாமாகவே தாழ்ந்தன. எந்தப் படத்திலும் அந்த இடத்தில் எனக்கு அப்படி வயிற்றைப் பிசைந்ததில்லை.

கட்டியக்காரனாக நடித்த பையனுக்கு நான் எழுதிக் கொடுத்த வசனம் வேறு. அரசன் கைநீட்டித் தீர்ப்புச் சொன்னதும் அதை மறந்துவிட்டு, “மகாராஜா, காப்பைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று முதலிலேயே சொன்னீர்களா?” என்றான். அரசனாக நின்ற பையன் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தான்.

குழுவினர் வந்தது அதற்கு மறுநாள். அவர்கள் கேட்ட இரண்டு மாற்றத்துக்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தில் ஒரு சினிமாப் பாட்டுக்குக் குழு நடனம் வைத்தார்கள். பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். அமராவதி இரண்டாவது வரிசையில் இருந்தாள். விழா முடிந்ததும் என்னிடம் வந்து, “சார், காப்பும் பாட்டுத்தானே? அப்படியென்றால் நான் எண்ணியது சரிதானே?” என்று கேட்டாள்.

சரிதான் என்றேன்.