ஆளுக்கு 70 சதவீதம்

(பாளையங்கோட்டை. கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடை. மாலை 6 மணி. வரலாற்றுப் பேராசிரியர் கையில் 19 பக்கக் கட்டுரையின் அச்சுப்படி. ராத்திரி 12 மணிக்குள் அதை இதழுக்கு அனுப்பியாக வேண்டும்.)

கடைக்காரர்: வாங்க சார். என்ன, பேப்பரெல்லாம் செவப்பு மையாக் கெடக்கு? காதுகுத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி.

பேராசிரியர்: உங்க கடைப் பிள்ளை அடிச்ச அழகு அண்ணாச்சி. 4-ஆம் பக்கம், ரெண்டாவது பத்தி. வாசிங்க.

கடைக்காரர்: "தாது வருஷப் பஞ்சத்தில் விளைச்சல் பொய்த்த கிராமங்களுக்குக் கலெக்டர் ராஜா வழங்கினார்." தங்கமான மனுசன் போல.

பேராசிரியர்: ராஜா இல்ல, வஜா! வரித் தள்ளுபடி.

கடைக்காரர்: வஜா எனக்குத் தெரியாதா சார்? பிள்ளை வேலைக்குப் புதுசு. நீங்க பென்சில்ல எழுதிக் கொடுத்தது பாதி அழிஞ்சு கெடந்துது. எழுத்துப்பிழைன்னு நெனச்சு அதுவே திருத்திருச்சு. 11 இடத்துலயும் திருத்தியிருக்கு பாருங்க. பொறுப்பான பிள்ளை.

பேராசிரியர்: நூறு நூத்தம்பது வருஷக் காகிதம் அண்ணாச்சி. மை பட்டுட்டா போச்சு. அதான் காப்பகத்துல உக்காந்து எடுக்கிற குறிப்பெல்லாம் பென்சில்லயே எழுதுறது.

கடைக்காரர்: அதுக்கென்ன, ஒரே அமுக்கு. ராஜா இருக்கிற இடமெல்லாம் வஜா ஆயிரும்.

பேராசிரியர்: கையை எடுங்க! எட்டயபுரம் ராஜாவும் உள்ள இருக்காரு. அமுக்கினா அவரையும் தள்ளுபடி பண்ணிருவீங்க. ஒவ்வொண்ணாப் பாத்து மாத்துங்க.

கடைக்காரர்: சரி, மாத்துதேன். அடிக்குறிப்புலயும் ஏதோ சொல்லணும்னீங்களே?

பேராசிரியர்: கடைசிப் பக்கம் நூற்பட்டியலைப் பாருங்க. 'ம' வரிசை.

கடைக்காரர்: "மறவர் சீமை", "மேலது", "மேலது", "மேலது"... 23 மேலது இருக்கு. பலே ஆளு சார், எம்புட்டுப் புத்தகம் எழுதியிருக்காரு!

பேராசிரியர்: அண்ணாச்சி!

கடைக்காரர்: சும்மா சொன்னேன் சார். 'மேலே சொன்ன அதே நூல்'னு அர்த்தம். இருபது வருசமா தீசிஸ் அடிக்கேன், இது தெரியாதா? பிள்ளை அகர வரிசையில அடுக்கியிருக்கு. ஆனா அதைவிடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு, சொன்னா வைவீங்க.

பேராசிரியர்: சொல்லுங்க.

கடைக்காரர்: நேத்து ராத்திரி வாட்ஸப்புல 17-க்கும் 18-க்கும் நடுவுல ஒரு அடிக்குறிப்பு சொருகச் சொன்னீங்கள்லா? பழைய 18 ஒரு 'மேலது'. முந்தி அதுக்கு மேல கால்டுவெல் இருந்தாரு. இப்போ ரெவின்யூ போர்டு இருக்கு.

பேராசிரியர்: அய்யோ. அப்போ கால்டுவெல் சொன்னதை ரெவின்யூ போர்டு சொன்னதாப் போயிருக்குமே!

கடைக்காரர்: அதுலயும் பாருங்க, நம்பரையெல்லாம் பிள்ளை கையால அடிச்சு மேல தூக்கி வச்சிருக்கு. வேர்டுல 'அடிக்குறிப்பு சேர்'னு அமுக்கிச் சேத்திருந்தா, நடுவுல ஒண்ணு சொருகினதும் மத்ததெல்லாம் தானா நகந்திருக்கும். இப்போ 18-லேருந்து 62 வரைக்கும் கையாலதான் தள்ளணும்.

பேராசிரியர்: தப்பு என் மேலயும் இருக்கு. கடைசிப் படி வரைக்கும் 'கால்டுவெல், ப. 70'ன்னு சின்னதாப் பேரு போட்டே வச்சிருக்கணும். எல்லாம் முடிஞ்சு, இனி ஒரு வரிகூட நகராதுன்னு ஆன பிறகுதான் 'மேலது' போடணும். பசங்களுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில எழுதிப் போடுறேன்.

கடைக்காரர்: எழுதிப் போடுதது வேற, செய்யது வேற. ஆமா, கால்டுவெலோட திருநெல்வேலி வரலாற்றுப் புத்தகத்துக்கு மறுபதிப்பு வருசத்தை மட்டும் போட்டிருக்கீங்க. அவரு செத்தது 1891. இடையன்குடியில அடக்கம் பண்ணியிருக்கு. அங்கன படுத்துக்கிட்டேவா எழுதுனாரு?

பேராசிரியர்: முதல் பதிப்பு 1881-ன்னு முன்னாடி சேருங்க. மறுபதிப்பு வருஷம் பின்னாடி இருக்கட்டும், பக்க எண் அந்தப் பதிப்புக்குத்தான்.

கடைக்காரர்: சேத்தாச்சு. இனி ஒரு நல்ல சேதி. உங்க லைப்ரரியிலேருந்து திருட்டு செக் பண்ணி மெயில் வந்திருக்கு. ஒத்துமை 0 சதவீதம்! ஒரு வரிகூட எங்கயும் எடுக்கலியாம்.

பேராசிரியர்: சைபரா? ரெண்டு பக்கத்துக்கு மேற்கோள் இருக்கு, சைபர் எப்படி வரும்? அண்ணாச்சி, எந்த ஃபைலை அனுப்பினீங்க?

கடைக்காரர்: நம்ம பாமினி ஃபாண்டுல அடிச்சதுதான்.

பேராசிரியர்: அதான் பாத்தேன். பாமினியில 'தமிழ்'னு நம்ம கண்ணுக்குத்தான் தெரியும். மிஷினுக்கு அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. 19 பக்கமும் இங்கிலீஷ் உளறல்னு நெனச்சிருக்கும். உலகத்துல யாரு அப்படி எழுதியிருப்பா? சைபர்தான் வரும்.

கடைக்காரர்: அப்போ எல்லாரும் பாமினியிலயே கொடுத்துட்டா பிரச்சினை இல்லியே சார்?

பேராசிரியர்: இந்த யோசனையை வெளிய சொல்லிராதீங்க. யூனிகோடா மாத்துங்க. இதழ்ல அவங்களே ஏத்திப் பாப்பாங்க. மேற்கோளையும் நூற்பட்டியலையும் கழிச்சுட்டுத்தான் கணக்கு. 10 சதவீதத்துக்குள்ள இருந்தா கேள்வி இல்ல. யு.ஜி.சி. 2018-ல போட்ட விதிப்படி 10-ஐத் தாண்டினா கட்டுரையை வாபஸ் வாங்கணும். 40-ஐத் தாண்டினா வாத்தியாருக்கு ஒரு இன்கிரிமெண்ட் போச்சு. 60-ன்னா அடுத்தடுத்து ரெண்டு.

கடைக்காரர்: ஏயப்பா! சரி, மாத்துனதும் 'கௌரவம்' எல்லாத்தையும் ஒருக்கா நீங்க பாத்துக்கிடுங்க. பாதி இடத்துல 'கெ' போட்டு தனி 'ள' வந்து நிக்கும். கண்ணுக்கு ஒண்ணுபோல இருக்கும், தேடுனா சிக்காது.

பேராசிரியர்: பாக்கிறேன்.

கடைக்காரர்: இம்புட்டுப் பாடுபட்டா கட்டுரைக்கு எவ்வளவு சார் தருவாங்க?

பேராசிரியர்: காசா? ஒரு பைசா கிடையாது. பதவி உயர்வுக்கு மதிப்பெண் உண்டு. எங்க பாடத்துல நல்ல இதழ்ல ஒரு கட்டுரைன்னா 10.

கடைக்காரர்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு?

பேராசிரியர்: 14. உதவிப் பேராசிரியருக்கு 16.

கடைக்காரர்: வாரத்துக்கா? நான் ஒரு நாளைக்கே 14 மணி நேரம் கடையில இருக்கேன்.

பேராசிரியர்: வகுப்புல நிக்கிறது மட்டும்தான் அந்த 14. வருகைப் பதிவு, உள்மதிப்பீடு, விடைத்தாள் கட்டு, தீசிஸ் திருத்தம் எல்லாம் அதுல சேராது. இதுக்கு நடுவுல, பக்கத்துத் துறையில ஒருத்தர் இந்தக் கட்டுரையில அவரு பேரையும் சேத்துக்கோன்னு ஒரு வாரமாக் கெஞ்சுறார்.

கடைக்காரர்: சேத்தா உங்க 10 அஞ்சாப் போயிருமே.

பேராசிரியர்: இல்ல. ரெண்டு பேர் எழுதினா ஆளுக்கு 70 சதவீதம். ஏழு, ஏழு.

கடைக்காரர்: ஆளுக்கு 70-ஆ? மொத்தம் 140 வருதே! எந்தக் கடையில சார் இந்தத் தராசு விக்காங்க?

பேராசிரியர்: விதியே அப்படித்தான்.

கடைக்காரர்: நல்ல விதி. இந்தாங்க, உங்க பசங்க அசைன்மெண்ட் கட்டு. 42 பேருது. 41-க்கும் நான்தான் பிரிண்ட் போட்டேன்.

பேராசிரியர்: (புரட்டுகிறார்) "1877-இல் பஞ்ச நிவாரண வேலையாட்களுக்குக் கோயில் கூலி வழங்கப்பட்டது." இதுலயும் கோயில் கூலி. இதுலயும்! ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி அண்ணாச்சி. கூலியை ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையுமாக் குறைச்சவர். அதனால அது டெம்பிள் கூலி. ஃபோன்ல போட்டு மொழிபெயர்த்திருக்காங்க, டெம்பிள் கோயிலாயிட்டார். அந்த 42-ஆவது ஆளு? கையால எழுதினவன்?

கடைக்காரர்: அவன் நல்லா வெளக்கமா எழுதியிருக்கான். நெல்லையப்பர் கோயில்னு.

பேராசிரியர்: (தலையில் கை வைக்கிறார்) இதோ இன்னொருத்தன். "பசலி 1286-இல் கலெக்டர் ஆய்வு செய்தார். அப்போது மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்டுகொண்டிருந்தார்." பாண்டியன் காலத்துல கலெக்டர்! சக வருஷத்தை ஆங்கில வருஷமாக்க 78 கூட்டு, கொல்லம்னா 824, 825 கூட்டு, வருவாய்க் கணக்கு வருஷமான பசலின்னா 590 கூட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். 1286-ஓட 590, 1876. எழுநூறு வருஷப் பாடத்துல அறுநூறு வருஷத்தை முழுங்கிட்டான். அடுத்த தடவை வீட்டுல இருக்கிற பழைய பத்திரத்தை ஆளுக்கு ஒண்ணு கொண்டு வரச் சொல்லிரணும். அதை எந்த ஃபோன்லயும் காப்பியடிக்க முடியாது.

கடைக்காரர்: சார், பசலின்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. உங்க அடிக்குறிப்பு 41.

பேராசிரியர்: என்ன?

கடைக்காரர்: "தாசில்தார் கடிதம், பசலி 1286, மே 14, 1876." அந்தத் தாசில்தார் என்ன எழுதியிருக்காரு? ஐப்பசி மழை பொய்ச்சுப் போச்சு, விளைச்சல் இல்ல, வஜா கொடுங்கன்னு.

பேராசிரியர்: ஆமா.

கடைக்காரர்: நீங்களே 2-ஆம் பக்கத்துல மழை பொய்ச்சது 1876 கடைசியிலன்னு எழுதியிருக்கீங்க. இவரு மே மாசமே எழுதிட்டாரா? தாசில்தாரா, சோசியரா?

பேராசிரியர்: (அச்சுப்படியைப் பிடுங்கிப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.)

கடைக்காரர்: பசலி பொறக்கது ஜூலை 1-ல சார். ஜூலையிலேருந்து டிசம்பர் வரைக்கும்தான் 590. ஜனவரியிலேருந்து ஜூன்னா 591. இது மே மாசம், 1877. ஜமாபந்தி, அதான் தாலுகாவுல வருசக் கணக்கு பாக்கது, எப்பவும் பசலிக் கடைசியிலதானே வைப்பாங்க? ஜமாபந்திக் காகிதம்னாலே கண்ணை மூடிக்கிட்டு 591 போட்டுரலாம்.

பேராசிரியர்: இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரர்: வருசா வருசம் மே, ஜூன்ல தாலுகா ஆபீசு மனு பூரா இங்கதான் அடிக்கேன். பட்டா மாறுதல், அடங்கல், எல்லாத்துலயும் பசலிதான். ஒண்ணு தப்பா விழுந்தா மனுவைத் திருப்பி மூஞ்சியில எறிஞ்சுருவாங்க.

பேராசிரியர்: எங்க இதழ்ல ரெண்டு பேருக்கு ரகசியமா அனுப்பிப் படிக்கச் சொல்லுவாங்க. யாரு எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியக் கூடாது. ஆறு மாசம் ஆகும். அவங்ககூட இதைப் பிடிச்சிருப்பாங்களாங்கிறது சந்தேகம். சரி, 41-ஐ மாத்துங்க. மாத்தி, என் பேரை எல்லா இடத்துலேருந்தும் எடுத்துருங்க. 'எனது முந்தைய கட்டுரையில்'னு ஒரு வரி இருக்கு, அதையும். ஃபைல் விவரத்துல ஆசிரியர்னு ஒரு கட்டம் இருக்குமே, அதைத் திறங்க. பலர் மாட்டுறது அங்கதான்.

கடைக்காரர்: (திறந்து பார்த்து, நிமிர்ந்து உட்கார்கிறார்) சார். ஆசிரியர்னு நம்ம கடை பேருல்லா இருக்கு.

பேராசிரியர்: உங்க கம்ப்யூட்டர்ல அடிச்சா உங்க பேருதான் விழும். அழிங்க.

கடைக்காரர்: அழிக்கது இருக்கட்டும். ஆளுக்கு 70-ன்னு சொன்னீங்களே...

பேராசிரியர்: நன்றியுரையில உங்க பேரைப் போடுறேன் அண்ணாச்சி.

கடைக்காரர்: நன்றியுரைக்கு எத்தனை மார்க்?

பேராசிரியர்: மார்க்கெல்லாம் கிடையாது.

கடைக்காரர்: அப்போ 19 பக்கம், பக்கத்துக்கு 30. 570 ரூபா எடுத்து வைங்க.

பேராசிரியர்: கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா? 62 அடிக்குறிப்புல பாதி உங்க பிள்ளை பண்ணின கோளாறு.

கடைக்காரர்: இந்தப் பசலிக்கு வஜா கிடையாது சார்.